செர்ரி மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

போன மாதம் பல்கலைக்கழகத் தோட்டப் பிரிவின் சாப்பாட்டறையில் கோப்பியும் கேக்கும் வைத்து என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். சந்தோஷம். வேலையை விட்டுப் போன கிழவனை ஞாபகம் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் கேக்கை வெட்டி முடிப்பதற்குள் தொடங்கிவிட்டீர்கள். "அங்கிள், புயலுக்குப் பிளந்து நிண்ட அந்தப் பெரிய மரத்தை நீங்கள்தானாமே இறக்கினது? அதைச் சொல்லுங்கோவன்!" சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் இருந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பெரிய மரம் ஒரு விஷயமே இல்லை, பிள்ளைகளே. வாளும் கயிறும் பயிற்சியும் இருந்தால் உங்களில் யாரும் அதை இறக்குவீர்கள். பயம் இருக்கும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு சின்ன மரத்தின் கதையை. வாசிப்பு மண்டபத்தின் கிழக்குப் பக்க ஜன்னலுக்கு நேரே, ஒரு சின்ன மேட்டில் நிற்கிற செர்ரி மரம். புல்வெட்டும் வண்டியோடு நீங்கள் தினமும் அதைச் சுற்றித்தான் போகிறீர்கள். சுற்றிவர எல்லா மரமும் சமதரையில் நிற்க, இது மட்டும் ஏன் மேட்டில் நிற்கிறது என்று உங்களில் ஒருத்தர் கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் நோர்வேஜிய மொழியில் எழுதினால் நான் கொஞ்சம் மரியாதையாக எழுதி உண்மையைச் சுருக்கிவிடுவேன்.

இப்போது நிற்பது இரண்டாவது மரம். அதே இடத்தில் முதலில் இன்னொரு செர்ரி நின்றது. ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற குரோருட்டிலிருந்து வந்து மருந்தியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் நினைவாக வைத்தது. நம்முடைய தமிழ்ப் பிள்ளைதான். இரண்டாம் வருடத்தில் ஒரு குளிர்காலம் நோய் வந்து, பனி கரைவதற்கு முன்னமே போய்விட்டாள். கூடப் படித்தவர்கள் அனுமதி கேட்டு, அவள் வழக்கமாக இருந்து படிக்கும் ஜன்னலுக்கு முன்னால் ஒரு மரம் வைத்தார்கள். குழி வெட்டிக் கொடுத்தது நாங்கள். மண் போட்டது அந்தப் பிள்ளைகள். ஒன்றிரண்டு பேர் அழுதுகொண்டே மண்ணைத் தட்டினார்கள்.

தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். தகப்பன் பஸ் ஓட்டுநர். வேலை உடுப்போடேயே வந்து நின்றார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப நல்லது. மரத்தைப் பாக்க எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

எங்களுக்கு அப்போது மேலாளாக இருந்தவர் ஹம்மர்பெஸ்ட்காரர். ஒழுங்காக ஒரு மரம் வளராத ஊரில் பிறந்த மனிதர், ஒஸ்லோவுக்கு வந்து ஆயுள் முழுக்க மரம் பார்த்தார். "அங்கே ஒன்றும் இல்லாததால்தான் எனக்கு இதன் அருமை தெரியும்" என்பார். வாய் திறந்து கதைப்பது அரிது. திறந்தால் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: மரம் செத்தால் ஏன் செத்தது என்று கண்டுபிடி, அதைச் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல், பிறகுதான் அதே குழியில் இன்னொன்றை வை. நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று சிரிப்போம். இதிலென்ன பெரிய தத்துவம் இருக்கிறது என்று.

மரம் வைத்து இரண்டு நாளில் அந்தத் தகப்பன், நான் அண்ணை என்று கூப்பிட்டவர், ஒரு சின்ன மண்வெட்டியோடு வந்தார். மரத்தைச் சுற்றி வட்டமாக வரம்பு உயர்த்தி, நடுவைத் தாழ்த்தி, அச்சொட்டாக ஒரு பாத்தி கட்டினார். நம்மவர் யாரும் செய்கிற வேலைதான். தென்னை, வாழை, எலுமிச்சை என்று எதை வைத்தாலும் முதலில் பாத்தி கட்டாமல் நமக்குக் கை சும்மா இருக்காது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அது சரி. அங்கே காலையில் ஊற்றுகிற தண்ணீர் மத்தியானம் இருக்காது. இங்கே கீழே கிடப்பது ஒரு காலத்தில் கடலடியில் இருந்த பழைய களிமண். சீமெந்துத் தொட்டி மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாத்தியைக் கண்டவுடன் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நல்ல வடிவாய்க் கட்டியிருக்கிறியள் அண்ணை" என்றேன்.

என்னோடு வேலை செய்த ஜெராட், மன்னார்க்காரன், பகிடிக்காரன், அவனும் வந்து பார்த்தான். "பக்கத்திலை ரெண்டு வாழையையும் வையுங்கோ அண்ணை, பழம் நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றான். மகள் போன பிறகு அண்ணை முதல்முறை சிரித்தது அன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கும் மனம் குளிர்ந்துபோனது.

அன்றிலிருந்து காலை வேலை முடித்து நேரே வருவார். எங்கள் பண்டகசாலைச் சுவரில் இருக்கிற குழாயில் பச்சைப் பிளாஸ்டிக் வாளியை நிரப்பி, பாத்தியில் ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்கும்வரை பக்கத்தில் குந்தியிருப்பார். பிறகு இன்னொரு வாளி.

மேலாள் ஒரு நாள் அந்தப் பக்கம் போனவர் நின்றார். பாத்திக்குள் விரலை விட்டார், மணந்து பார்த்தார், கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அவரிடம் போய் நிறுத்தச் சொல். வேர் மூச்சு முட்டுகிறது."

"நீங்களே சொல்லலாமே" என்றேன்.

"நான் சொன்னால் அது உத்தரவு. நீ சொன்னால் பேச்சு. அதற்காகத்தான் உன்னை அனுப்புகிறேன்."

போனேன். சொல்வதென்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அண்ணை சுடுதண்ணிப் போத்தலிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இருவரும் புல்லில் இருந்தோம். "அண்ணை, இஞ்சத்த மண் எங்கட மண் மாதிரி இல்லை..." என்று தொடங்கினேன். அவர் கேட்டாரோ தெரியாது. பாத்தியைப் பார்த்தபடி தன்பாட்டில் சொல்லத் தொடங்கினார்.

"கடைசிக் கிழமை அவள் தண்ணி தண்ணி எண்டு கேட்டவள் தம்பி. குடுக்கக் கூடாது எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். சிறுநீரகம் வேலை செய்யேல்லையாம். பஞ்சை நனைச்சு உதட்டிலை மட்டும் ஒத்தினனான். அப்பா, ஒரு வாய் தாங்கோ எண்டாள். நான் குடுக்கேல்லை."

தேத்தண்ணிக் கோப்பை என் கையில் அப்படியே இருந்தது. அந்த மனிதரிடம் போய், தண்ணீர் கொடுக்காதேங்கோ என்று நான் எந்த வாயால் சொல்வது? "ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்தினாலும் காணும் அண்ணை" என்று முணுமுணுத்தேன். "ஓம் ஓம்" என்றார். அடுத்த நாளும் வந்தார்.

மேலாளிடம் என்னால் சொல்ல முடியவில்லை என்பதைச் சொன்னேன், ஏன் என்பதையும் சொன்னேன். "இன்னொரு முறை போ" என்றார். இன்னொரு முறை போனேன். இன்னொரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம் கவனியுங்கள். தண்ணீர் கூடிச் சாகிற மரமும் தண்ணீர் இல்லாமல் சாகிற மரமும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். இலை வாடும், மஞ்சளாகும், சுருளும். வேர் அழுகிவிட்டால் சுற்றிவரத் தண்ணீர் நின்றாலும் அதனால் குடிக்க முடியாது. அண்ணை வாடின இலையைக் கண்டார். தாகம் என்று நினைத்தார். ஒரு வாளி கூட்டினார். இலை இன்னும் வாடியது. இன்னும் ஒரு வாளி. இலையுதிர்கால மழையில் பாத்தி குளமாக நின்றது, பிறகு அது அப்படியே பனிக்கட்டியாக இறுகியது. அடுத்த வசந்தத்தில் பக்கத்து மரங்களெல்லாம் மொட்டு விட, இது குச்சியாக நின்றது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை.

நானும் ஜெராட்டும்தான் தோண்டினோம். கூழ்முட்டை மணம். வேரெல்லாம் கறுத்து, கையில் பிடித்தால் தோல் உரிந்து வந்தது. மரத்தைத் தள்ளுவண்டியில் போட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக்கொண்டிருந்தபோது அண்ணை வந்துவிட்டார். வழக்கத்தைவிட முந்தி வந்திருந்தார். வெறுங்குழியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"என்ன தம்பி நடந்தது?"

இதுதான் நான் சொல்ல வந்த இடம். நம்முடைய வேலையில் புயலோ, பிளந்த மரமோ, முறிகிற கொப்போ அல்ல, இந்தக் கேள்விதான் ஆபத்தானது. பதில் சொல்ல உங்களுக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். ஜெராட் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்:

"குளிர் அண்ணை. இந்த முறை குளிர் கூடிப்போச்சு."

அவர் நம்பினார். எவ்வளவு சுலபமாக நம்பினார்! "ஓம், ஓம். என்ர பஸ்ஸே ரெண்டு காலமை ஸ்டார்ட் வரேல்லையே" என்றார். படங்கின் மேல் ஒரு தரம் கையை வைத்தார். பிறகு வீட்டுக்குப் போனார். நான் பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரி அன்றிரவு நிம்மதியாகப் படுத்து நித்திரை கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குச் சுடுகிறது.

அவள் வகுப்புப் பிள்ளைகள் இன்னொரு மரத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். அண்ணை மண்வெட்டியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இப்போது என் நிலைமையைப் பாருங்கள். குளிரால் செத்தது என்று சொல்லிவிட்டேன். இனித் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், அப்போ முதல் மரம், என்று கேட்பார். சொல்லாவிட்டால் இரண்டாவதும் போகும். என் பொய்யே எனக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டிக்கார யோசனை. இன்றைக்கும் தொழில்முறையில் அதில் ஒரு பிழை சொல்ல முடியாது. மரத்தை மேடு கட்டி உயர்த்தி வைத்தோம். வேர்க்கட்டியைச் சுற்றி ஒரு தகடு இறக்கினோம். அதற்கு வெளியே வட்டமாகச் சல்லிக்கல், அதற்குள் ஓட்டை போட்ட குழாய், குழாயின் மறுமுனை நடைபாதை ஓரத்தில் இருக்கிற வடிகால் குழிக்குள். அந்தச் சல்லி வட்டத்துக்கு மேலே மண் போட்டு, இந்த முறை நானே பாத்தியையும் கட்டிக் கொடுத்தேன். அண்ணை ஊற்றுகிற தண்ணீர் பாத்தியில் நிற்கும், மெல்ல மெல்ல இறங்கும், பார்த்தால் மரம் குடிக்கிற மாதிரியே இருக்கும். போவதென்னவோ நேரே வடிகாலுக்கு.

மேலாள் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். முழுவதையும் விளங்கிக்கொண்டார். "மரத்துக்கு இது சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் மரத்துக்கு மட்டும்தான் சரி சொன்னார் என்பது எனக்கு விளங்க வருடக்கணக்கு எடுத்தது.

மரம் பிடித்துக்கொண்டது. பிடித்தது என்றால் அப்படி ஒரு பிடிப்பு! மூன்றாம் வசந்தத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துத் தள்ளியது. மாணவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள். அண்ணை என் தோளில் தட்டினார்.

"பாத்தியளோ தம்பி? இந்த முறை என்ர கையாலை பிடிச்சிட்டுது!"

"பின்னை? உங்கட தண்ணிதானே அண்ணை" என்றேன்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். நத்தாருக்கு எல்லோருக்குமாக வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொண்டுவருவார். எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார். அவர் தூரத்தில் வருவதைக் கண்டாலே ஜெராட் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து வாளியை நிரப்பி வைப்பான். எல்லோருக்கும் விஷயம் தெரியும். கோடைக்கு வேலைக்கு வருகிற புதியவர்களுக்குக் கூட, அந்த அப்பாவின் தண்ணீர் நேரே கடலுக்குப் போகிறது என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். ஒருவரும் அவரை நக்கலடிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பாசத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் வடிகால் மூடிக்குப் பக்கத்தில் நின்றால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அவர் மேட்டில் குந்தியிருக்க, நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவரோடு கதைத்துக்கொண்டு நிற்போம்.

மேலாள் ஓய்வு பெற்று வடக்குக்குப் போனார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பிறகுதான் அந்தக் கோடை. மழை என்ற பேச்சே இல்லை. புல்லெல்லாம் தும்பு நிறமாகிவிட்டது. தண்ணீரை மிச்சம் பிடியுங்கள் என்று நகரசபை அறிவித்து, எங்கள் வெளிக்குழாய்களை மூடிவிட்டார்கள். நான் பெறாமகளின் கலியாணத்துக்கு ரொறொன்ரோ போயிருந்தேன். திரும்பி வந்து முதல் நாள் வளாகத்தைச் சுற்றி வந்தபோது செர்ரியைக் கண்டேன். இலை சுருண்டு, ஓரம் கருகி, பாதி கொட்டிவிட்டது. மேட்டில் உயர்த்தி வைத்த மரம். மழையை நம்பி நின்ற மரம். மழை இல்லை. வேறு ஒரு சொட்டும் அதற்குப் போக நான் வழி வைக்கவில்லை.

அண்ணை அங்கேதான் இருந்தார். பக்கத்தில் ஒரு பயணப்பை நிறையச் சோடாப் போத்தல்கள். வீட்டில் அரிசி கழுவுகிற தண்ணீரையெல்லாம் சேர்த்து, குரோருட்டிலிருந்து ரயிலில் காவிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு கிழமையாக இதுதானாம் வேலை. கண் உள்ளே போயிருந்தது.

"தம்பி வந்திட்டியளோ? இதைப் பாருங்கோ. நான் ஊத்திறன், இது குடிக்குதில்லை." சுருண்ட இலை ஒன்றைத் தடவிக்கொண்டு சொன்னார், "என்னிலை கோவம் போலை."

ஐயோ, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி நின்றேனோ தெரியாது. "பொறுங்கோ அண்ணை, ஒரு சின்ன வேலை" என்றேன். என் யோசனை இதுதான்: வடிகால் குழியைத் திறந்து, குழாயின் வாயைச் சாக்குத்துணியால் அடைத்துவிட்டால் போதும். தண்ணீர் குழாயில் தேங்கி, சல்லியில் ஏறி, தகட்டுக்கு அடியால் வேருக்குப் போய்ச் சேரும். மரம் பிழைத்துவிடும். அவருக்கு ஒன்றும் தெரிய வராது. எப்போதும் போல ஒரு கெட்டித்தனம்.

இரும்பு மூடியைக் கிளப்பி ஓரத்தில் வைத்தேன். குழிக்குள் குனிந்து துணியைத் திணிக்கப் போகிறேன், பின்னால் அவர் கடைசிப் போத்தலைப் பாத்தியில் ஊற்றியிருக்கிறார். எனக்கு முன்னால், குழாய் வாயிலிருந்து, பால் கலந்த மாதிரி வெள்ளைத் தண்ணீர் வந்து குழிக்குள் விழுந்தது. மூடி இல்லாததால் சத்தம் பலமாகக் கேட்டது.

அவர் எழும்பி வந்தார். என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

மறுபடியும் அதே ஒரு நொடி. பழைய குழாய் அண்ணை, எங்கேயோ ஒழுகுது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். வாயில் வந்துவிட்டது. ஆனால் அது அரிசித் தண்ணீர். அவர் வீட்டுப் பானையில் கழுவின தண்ணீர் என் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை.

சொன்னேன். களிமண்ணைச் சொன்னேன், வேர் அழுகினதைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன்.

"அப்ப முதல் மரம்?"

"தண்ணி கூடினதாலை அண்ணை."

"குளிர் எண்டியள்."

"ஓம்."

அவர் நடைபாதை விளிம்பில் குந்தினார். குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டு ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவ்வளவு வருசமும் ஊத்தினது... ஒரு சொட்டும் அவளுக்குப் போகேல்லை."

அவர் மரத்துக்கு என்று சொல்லவில்லை. அவளுக்கு என்றுதான் சொன்னார்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எங்கட ஆக்களுக்கு அண்ணை."

"எல்லாருக்குமோ?"

"ஓம்."

"ஜெராட்டுக்கும் தெரியுமோ? வாளியை நிரப்பித் தாறவன்?"

நான் வடிகால் மூடியைப் பார்த்தேன். அவருக்கு அதுவே போதும். வெறும் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"முதல் நாளே சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பன் தம்பி. நான் என்ன விசரனே? டொக்டர் சொல்லி என்ர பிள்ளைக்கே தண்ணி குடுக்காமல் இருந்தவன் நான். மரத்துக்குக் குடுக்காமல் இருக்க மாட்டனோ?"

இதை நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அவரால் தாங்க முடியாது என்று நானே முடிவு செய்தேன். அவர் தாங்கியது என்ன என்பதை அவர் வாயாலேயே கேட்டவன் நான். அப்படியிருந்தும் அவரைச் சின்னப் பிள்ளையாக நினைத்துவிட்டேன்.

பையைத் தூக்கிக்கொண்டு, "போறன்" என்றார். நம்மவர் யாரும் "வாறன்" என்று சொல்லாமல் புறப்படுவதில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், உங்களுக்கும் அது தெரியும். அவர் "போறன்" என்றுதான் சொன்னார்.

குழாயை அடைத்தோம். தகட்டை இழுத்து எடுத்தோம். பண்டகசாலையில் கழுவுகிற தண்ணீரை அளவு பார்த்து ஊற்றினோம். ஜெராட் அந்த நாட்களில் ஒரு பகிடியும் விடவில்லை. ஓகஸ்டில் மழை வந்தது. மரம் கோடை முடிகிற நேரத்தில், பருவம் தப்பி, ஒன்றிரண்டு துளிர் விட்டது. பிழைத்துவிட்டது. அண்ணை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. பூத்தபோதும் வரவில்லை. நத்தாருக்கு ரோல்ஸ் வரவில்லை, அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவும் இல்லை.

கடைசியில் ஒரு நாள் குரோருட்டுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். மனைவி கதவைத் திறந்தார். "இருங்கோ" என்று தேத்தண்ணி போட்டுத் தந்தார். அண்ணை வேலைக்குப் போய்விட்டார் என்றார். அவருடைய வேலைச் சப்பாத்து வாசலில் கிடந்தது. உள்ளறையில் யாரோ இருமினார்கள். நாங்கள் இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தோம்.

எழும்பும்போது சொன்னேன், "அக்கா, மரம் நல்லாய் நிக்குது எண்டு அண்ணையிட்டைச் சொல்லிவிடுங்கோ. இந்த முறை நல்ல பூ."

"அவருக்குத் தெரியும் தம்பி" என்றார். "ஞாயிற்றுக்கிழமையிலை போறவர். உங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்கை நிக்காத நேரம் பாத்துத்தான் போறவர்."

பிள்ளைகளே, பதில் சொல்ல ஒரு நொடி கிடைக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று நான் உங்களுக்குப் படிப்பிக்க வரவில்லை. எனக்கு இரண்டு முறை அந்த நொடி கிடைத்தது. முதல் முறை பிழைவிட்டேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னேன், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமையில் உங்களை அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள். கொப்பு முறிந்திருக்கும், பாதையில் பனி இறுகியிருக்கும். அப்படிப் போகும்போது வாசிப்பு மண்டபத்துப் பக்கம், அந்த மேட்டில், வயதான ஒருவர் வெறுங்கையோடு இருப்பார். அவரைக் கண்டால் கை காட்டாதீர்கள். வணக்கம் சொல்லாதீர்கள். வண்டியைத் திருப்பி, அவர் கண்ணில் படாமல் மற்றப் பாதையால் போங்கள்.